வராத பேயாக இருந்த எனிட் ரெய்ஸ்ட்ரிக்

எங்கள் பிரிட்லிங்டனில் நடித்துப் பேர் வாங்கியவர்கள் சிலர் உண்டு. நடித்துப் பேரைக் கெடுத்துக்கொண்டவர்கள் அதைவிட அதிகம். நடிக்காமலே பேர் வாங்கியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே தள்ளி, மாடியில்லாத சின்ன வீட்டில் குடியிருக்கும் திருமதி எனிட் ரெய்ஸ்ட்ரிக். அவர் வராமல் போன ஒரு காட்சியை இந்த நாட்டில் படித்தவர்களும் பாதி படித்தவர்களும் ஐம்பது ஆண்டுகளாகக் கொண்டாடிவருகிறார்கள். அவருக்கு அது அலுத்துப்போய் வெகுகாலம் ஆகிறது.

எல்லாவற்றுக்கும் காரணம் 'அணைந்த கணப்பு'. எழுபதுகளில் வடக்கே ஒரு தொலைக்காட்சி நிலையம் தயாரித்த பேய்த் தொடர். வாரம் ஒரு கதை, கதைக்கு ஒரு பேய். நடிகர்கள் வேறு, எழுதியவர்கள் வேறு, எழுதியவர்களின் மூளையும் வேறு வேறு அளவு. ஒரு வாரம் பார்த்தால் இரவெல்லாம் கழிவறைக்குப் போகவே துணிவு வராது. அடுத்த வாரம் பார்த்தால், நாம் எழுந்து போய்த் தேநீர் போட்டு, பூனையை வெளியே விட்டு, திரும்பி வந்து உட்காரும்போதும் பேய் அதே படிக்கட்டில் அதே படியில் நின்றுகொண்டிருக்கும். நல்ல கதைகள் நாலைந்து தேறும். மற்றவை நம் உறவினர்களைப் போல. இருக்கின்றன, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் இந்த ஏற்றத்தாழ்வுதான் தொடரைக் காப்பாற்றியது. எல்லாமே நன்றாக இருந்திருந்தால் பார்த்துவிட்டு மறந்திருப்பார்கள். எல்லாமே மட்டமாக இருந்திருந்தால் பார்க்காமலே மறந்திருப்பார்கள். ஒழுங்கில்லாமல் இருந்ததால் சண்டை போட வசதியாக இருந்தது. சண்டை போட இடம் வேண்டியிருந்ததால் சங்கம் பிறந்தது. ஆண்டுதோறும் நவம்பரில், விடுதிகள் காலியாகிக் கடற்கரையில் நாய்களும் அவற்றின் சொந்தக்காரர்களும் மட்டுமே நடமாடும் காலத்தில், மெதடிஸ்ட் சபை மண்டபத்தில் அன்பர்கள் கூடுவார்கள். இரண்டு கதை போட்டுப் பார்ப்பார்கள். கேக் தின்பார்கள். பிறகு இருபத்தாறு கதைகளையும் வாக்கெடுத்து வரிசைப்படுத்துவார்கள். கேக்குக்கும் தேநீருக்கும் நான் பொறுப்பு. ஆகவே கீழே வருவதெல்லாம் தேநீர் மேசைக்குப் பின்னாலிருந்து பார்த்தவை.

கடைசி இடம் எப்போதும் 'சுரைக்காய்' என்ற கதைக்கு. கிராமத்துக் காய்கறிப் போட்டியில் பரிசு கிடைக்காத ஒரு சுரைக்காய் நடுவரைக் கடித்துக் கொல்லும் கதை அது. சுரைக்காய்க்குள் ஒரு ஆள் இருந்தார். அவர் கணுக்கால் தெரியும். இந்தக் கதைக்கு வெறிபிடித்த ரசிகர்கள் உண்டு. கடிபட்ட நடுவராக நடித்தவர் ஒவ்வோர் ஆண்டும் வந்து தன் முன்கைத் தழும்பைக் காட்டுவார். அது நாய் கடித்தது என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் வரிசையில் நின்று தொட்டுப் பார்ப்பார்கள்.

முதல் இடம் எப்போதும் 'சீப்பு' கதைக்கு. அதில்தான் எனிட் நடிக்கவில்லை.

கதை சின்னது. வாடகை அறைக்குக் குடிவரும் ஒருவன், கட்டிலுக்கடியில் பழைய சீப்பு ஒன்றைக் கண்டெடுக்கிறான். அது முன்பு அங்கே இறந்துபோன பெண்ணுடையது. அவள் அதைத் தேடி வருவாள் என்கிறாள் வீட்டுக்காரி. இரவு. அவன் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறான். கதவின் கைப்பிடி மெல்லத் திரும்புகிறது. அவன் நிமிர்கிறான். முகம் வெளுக்கிறது. கும்மிருட்டு. பெயர்ப் பட்டியல் ஓடுகிறது. அதில் 'பேய்: எனிட் ஷா' என்று வருகிறது. ஷா என்பது அவர் பிறந்த வீட்டுப் பெயர்.

பேயைக் காட்டாமல் விட்ட துணிச்சலைப் பத்திரிகைகள் புகழ்ந்தன. இயக்குநருக்குப் பரிசு கொடுத்தார்கள். பரிசு நியாயப்படி மின்பணியாளர் சங்கத்துக்குப் போயிருக்க வேண்டும்.

அந்தக் காலத்து வேலை முறை அப்படி. மாலையில் பதிவு தொடங்கினால் இரவு பத்தடிக்கும்போது மின்பணியாளர்கள் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். கூடுதல் நேரம் வேண்டுமென்றால் முன்கூட்டியே தொழிற்சங்கப் பிரதிநிதியிடம் மரியாதையாகக் கேட்க வேண்டும். அன்று இயக்குநர், சீப்பு யானைத்தந்த நிறத்தில் இருக்க வேண்டுமா ஆமையோட்டு நிறத்தில் இருக்க வேண்டுமா என்று வாதாடிக்கொண்டிருந்ததில் கேட்க மறந்துவிட்டார். எனிட்டுக்கு அப்போது இருபத்தைந்து வயது. நாடகக் கம்பெனிகளில் தட்டு ஏந்தி வரும் வேலைக்காரியாகவே சில ஆண்டுகள் நடித்துவிட்டு, பேர் சொல்லும் ஒரு வேடம் முதல்முறையாகக் கிடைத்திருந்தது. மத்தியானத்திலிருந்து முகத்துக்கு மாவும் பசையும் பூசி, வாயைத் திறந்தால் விரிசல் விழும் என்பதால் சூப்பை உறிஞ்சுகுழலில் குடித்துவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்றார். கைப்பிடியைத் திருப்பியதுகூட அவர் இல்லை. ஒரு உதவியாளர் கம்பி கட்டி இழுத்தார். எனிட் மூச்சை இழுத்துக் காலை எடுத்து வைக்கப்போனார். பத்து மணி.

"எல்லாருக்கும் நன்றி, குட் நைட்" என்றது ஒரு குரல். மறுநாள் அதே அரங்கம் தோட்டக்கலை நிகழ்ச்சிக்கு. பேய்க்கு முன் ரோஜாச் செடிகள் உள்ளே வந்துவிட்டன.

அதற்குப் பிறகு நடிப்புத் தொழில் எனிட்டை இரண்டு முறை அழைத்தது. ஒருமுறை வானொலி நாடகத்தில் ஊமைப் பெண்ணாக. மற்றொரு முறை யாரோ தவறான எண்ணைச் சுழற்றியது. அவர் டெரெக் ரெய்ஸ்ட்ரிக்கைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தார். டெரெக் குளியலறை ஓடு விற்பவர், நல்ல மனிதர், ஓடுகளைப் பற்றிப் பேசாதபோது பேசமாட்டார். எனிட் பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து பிள்ளைகள் இருவரை வளர்த்தார். ஒருவர் லீட்ஸில், ஒருவர் ஆஸ்திரேலியாவில். இருவரும் ஒரே அளவு தூரம். டெரெக் ஸ்னூக்கர் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது, யாருக்கும் தொந்தரவில்லாமல் இறந்துபோனார்.

இடையில் சங்கம் எனிட்டைக் கண்டுபிடித்திருந்தது. ஆண்டுதோறும் மேடையில் உட்காரவைத்துச் சால்வைக்குப் பதில் மல்லிகை வாசனை சோப்புப் பெட்டி கொடுப்பார்கள். "வராமலே அரங்கத்தை நிரப்பியவர்" என்பார் தலைவர். ஒருமுறை எனிட் எழுந்து உண்மையைச் சொல்லிவிட்டார். "விளக்கை அணைச்சிட்டாங்க, அவ்வளவுதான். நான் வரத் தயாராத்தான் இருந்தேன்." மண்டபம் உருகிப்போனது. என்ன அடக்கம் என்றார்கள். முன்வரிசையிலிருந்த ஒரு பல்கலைக்கழகத்துக்காரர் அதைக் குறித்துக்கொண்டுபோய், 'ஒளி மறுப்பின் அரசியல்' என்று கட்டுரை எழுதி வேலை உயர்வு பெற்றார். அதன்பின் எனிட் உண்மை சொல்வதை விட்டுவிட்டார். சோப்புகள் மட்டும் அலமாரியில் சேர்ந்துகொண்டே போயின.

போன ஆண்டு செப்டம்பரில் சங்கத் தலைவர் நெவில் ஓல்ட்ராய்ட் அவர் வீட்டுக்கு வந்தார். நெவில் ஓய்வுபெற்ற நில அளவையாளர். ஒரு விஷயத்தை ரசிக்கும்போதுகூட அதன் நாலு மூலையிலும் கல் நட்டுவிட்டுத்தான் ரசிப்பார். இந்த உரையாடலைப் பின்னால் இருவரும் தனித்தனியே எனக்குச் சொன்னார்கள். வார்த்தை மாறவில்லை; தொனிதான் மாறியது.

"எனிட், இது அம்பதாவது வருஷம். மேடையிலயே 'சீப்பு' போடறோம். வாடகைக்காரனா நானே நடிக்கறேன்."

"நல்லது. நான்?"

"நீங்கதான் பேய்!"

எனிட் கோப்பையைத் தட்டில் வைத்தார். "வசனம் பழசேவா, புதுசா எழுதப் போறீங்களா?"

"வசனமா?" நெவில் சிரித்தார். "நீங்க வரவே கூடாதுங்க. அதுலதானே இருக்கு அழகு. கதவுக்குப் பின்னால நிப்பீங்க, கைப்பிடியைத் திருப்புவீங்க, விளக்கு அணையும். நிஜமான எனிட் ஷா அந்தப் பக்கம் நிக்கறாங்கன்னு ஜனங்களுக்குத் தெரியும். ஆனா பாக்க முடியாது. யோசிச்சுப் பாருங்க!"

"பாத்தேன். கதவுக்குப் பின்னால நாற்காலி போடுவீங்களா?"

"நாற்காலி எதுக்கு?"

"எழுபத்தஞ்சு வயசு நெவில். பயமுறுத்தறதுக்கு முன்னாடி கொஞ்சம் உக்காரணும்."

நாற்காலி உண்டு என்று வாக்களித்து, இன்னும் இரண்டு பிஸ்கெட் எடுத்துக்கொண்டு நெவில் போனார். கைப்பிடி இப்போது தன் கைக்கு வந்திருக்கிறது, இது பதவி உயர்வுதான் என்று எனிட் நினைத்துக்கொண்டாராம். பிறகு பாத்திரம் கழுவும்போது அழுகை வந்துவிட்டதாம். அதற்கு அவர் வெங்காயத்தைக் காரணம் சொன்னார். அன்று அவர் வீட்டில் வெங்காயம் நறுக்கவில்லை.

பக்கத்து வீட்டு கிளெனிஸ், நகர நீச்சல் குளத்தில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். நாடகத்தன்று விளக்குப் பொத்தான் அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. மற்ற எல்லோரும் நாடகத்தைப் பார்க்க ஆசைப்பட்டார்கள். அவர் ஒருவர்தான் ஆசைப்படவில்லை.

"கிளெனிஸ், அன்னிக்கு நீ விளக்கை அணைக்காதே" என்றார் எனிட்.

"ஏன், கண்ணு? அதுக்குத்தானே என்னை அங்க உக்கார வெச்சிருக்காங்க."

"நான் கதவைத் திறந்துக்கிட்டு உள்ள வரப்போறேன்."

"அய்யோ. நெவில் என்னைக் கொன்னுடுவார்."

"அப்போ அடுத்த வருஷம் பேய்க்கு ஆள் கிடைச்சாச்சு."

கிளெனிஸ் சிரிக்கவில்லை. "உனக்கு என்னதான் வேணும், எனிட்? வருஷா வருஷம் கை தட்டறாங்க. சோப்பு குடுக்கறாங்க. நானெல்லாம் முப்பது வருஷம் டிக்கெட் கிழிச்சேன், ஒருத்தன் ஒரு சோப்பு குடுத்தானா? குளத்துக்கே சோப்பு போடாம வந்தவங்கதான் எல்லாரும்."

"நான் செய்யாததுக்குத் தட்டறாங்க. செஞ்சதுக்கு யாராவது ஒரு வார்த்தை சொல்லணும். நல்லா இருந்துச்சுன்னு சொல்லட்டும், கேவலமா இருந்துச்சுன்னு சொல்லட்டும். ஒரு தடவை உள்ள வந்துடணும், அவ்வளவுதான்."

"கேவலமா இருந்தா?"

"இருக்கட்டுமே. சுரைக்காய் கடிச்ச நடுவர் எவ்வளவு சந்தோஷமா இருக்கார் பாரு."

நவம்பர் வந்தது. மண்டபத்தில் சூடேற்றும் குழாய்கள் வழக்கம்போல் வேலை செய்யவில்லை. எல்லோரும் மேல்கோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். பேய்த் தொடர் அன்பர்கள் என்பதால் குளிரைப் பற்றிக் குறைசொல்ல வெட்கம். ஒட்டுப்பலகையில் ஒரு கதவு செய்து மேடையில் நிறுத்தியிருந்தார்கள். எனிட் கதவுக்குப் பின்னால் நாற்காலியில். பழைய துணி விற்கும் அறக்கொடைக் கடையில் வாங்கிய சாம்பல் நிற இரவு உடை. முகத்தில் பவுடர், கண்ணைச் சுற்றிக் கிளெனிஸ் பூசிய மை. யாரும் பார்க்கப்போவதில்லையே, எதற்கு ஒப்பனை என்று நெவில் கேட்டதற்கு, "பேய்க்குள்ள இறங்கணும்ல" என்று பதில் சொல்லியிருந்தார். நெவில் அதில் கலையைக் கண்டு நெகிழ்ந்துபோயிருந்தார்.

நாடகம் தொடங்கியது. நெவில் வாடகைக்காரனாக அறையைச் சுற்றிச் சுற்றி வந்தார். எட்டு வைத்துச் சதுர அடி கணக்கிடுவதுபோல் இருந்தது. சீப்பைக் கண்டெடுத்தார். வீட்டுக்காரியாக வந்த பெண் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போனாள். நெவில் கட்டிலில் உட்கார்ந்தார். கைப்பிடி திரும்பியது. மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. நெவில் நிமிர்ந்து, ஒரு மாதமாகக் கண்ணாடி முன் பழகிய முகபாவத்தை அணிந்துகொண்டு இருட்டுக்குக் காத்திருந்தார்.

இருட்டு வரவில்லை. கிளெனிஸ் பொத்தானுக்குப் பக்கத்தில் இரண்டு கைகளையும் மடியில் வைத்து, தேவாலயத்தில் உட்காருவதுபோல் உட்கார்ந்திருந்தார்.

முகபாவம் நெவில் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போனது. அப்போது கதவு திறக்கத் தொடங்கியது. திறக்கவில்லை என்றும் சொல்லலாம். ஈரத்தில் பலகை ஊதியிருந்தது. பின்னாலிருந்து ஒரு முட்டு; சட்டம் முழுதும் ஆடியது. இன்னொரு முட்டு. பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். மூன்றாவது முட்டில் கதவு திறந்து எனிட் வந்தார்.

மிதந்து வர வேண்டும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். வீட்டு நடைவழியில் பழகியும் பார்த்திருந்தார். ஆனால் முழங்கால் அதன் போக்கில் வந்தது. ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு பக்கம் நிமிர்ந்து, வெள்ளை முகத்தோடு. மேடை சின்னது, ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் காலை இழுத்துக்கொண்டு "மன்னிச்சுக்குங்க" என்று வழிவிட்டார். எங்கள் ஊரில் பேய் வந்தாலும் அப்படித்தான்.

"எனிட், என்ன இது?" என்று நெவில் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார்.

எனிட் அவரைப் பார்த்தார். ஐம்பது ஆண்டு வைத்திருந்த ஒரே வசனத்தைச் சொன்னார்.

"என் சீப்பை யார் எடுத்தது?"

உறைய வைக்கும் குரலில் வந்திருக்க வேண்டியது, பிள்ளைகளிடம் கத்திரிக்கோல் எங்கே என்று கேட்கும் குரலில் வந்துவிட்டது. மண்டபம் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. சுரைக்காய்க்குச் சிரிக்கும் சிரிப்பு. எனிட் அது அடங்கும்வரை நின்றார். அது நாடகக் கம்பெனியில் தட்டு ஏந்திக் கற்றது. பிறகு கையை நீட்டினார். நெவில் சிவந்துபோய்ச் சீப்பைக் கொடுத்தார்.

வாங்கிக்கொண்டு பேய் மறைய வேண்டும், அதோடு கதை முடிந்தது. எனிட் மறையவில்லை. முழங்கால் வலி தாங்காமல் கட்டிலில், நெவிலுக்குப் பக்கத்தில், உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபின் சும்மா இருக்க முடியாதல்லவா, தலையை வாரத் தொடங்கினார். நெற்றியிலிருந்து பின்னுக்கு, மெல்லிய வெள்ளை முடி, மெதுவாக. வேறு எங்கும் போக வேண்டியதில்லாத ஒருவர் வாருவதுபோல. சீப்பில் சிக்கிய முடியை விரலால் எடுத்து நெவிலின் முழங்கால்மேல் வைத்தார். திரும்ப வாரினார். அந்த முடியை நெவில் பார்த்தார். தட்டிவிடவில்லை.

சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. கையில் பிடித்திருந்த கெண்டியில் தேநீர் ஆறிவிட்டிருந்தது. பிறகு எனிட் கட்டில் காலைப் பிடித்து எழுந்து, வந்த வழியே போனார். கதவை மூடப் பார்த்தார், மூடவில்லை. அப்படியே விட்டுவிட்டார். கிளெனிஸ் அப்போதுதான் விளக்கை அணைத்தார்.

கை தட்டினார்கள். நாகரிகமான மக்கள், எதற்கும் தட்டுவார்கள். தேநீருக்கு வந்தபோது எல்லோரும் வண்டி நிறுத்த இடம் கிடைக்காததைப் பற்றிப் பேசினார்கள். பல்கலைக்கழகத்துக்காரர் கேக் எடுக்காமலே கிளம்பிவிட்டார். ஒரு பெண்மணி மட்டும் என்னிடம், "இங்க ரொம்பக் குளிரா இருக்கு, இல்ல?" என்று கேட்டு, கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார். குழாய் வேலை செய்யாதது காலையிலிருந்தே அவருக்குத் தெரியும்.

வாக்கெடுப்பு நடந்தது. முடிவை எனிட்டிடம் சொல்ல நெவிலே ஒப்பனை அறைக்குப் போனார். ஒப்பனை அறை என்பது ஞாயிறு பள்ளிக் குழந்தைகள் வண்ணம் தீட்டும் அறை. எனிட் குழந்தைகள் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, கிளெனிஸ் நீட்டிய துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அவருக்குத் தேநீர் கொண்டுபோயிருந்தேன்.

"எனிட்" என்றார் நெவில், சாவு வீட்டுக் குரலில். "பதினொண்ணாவது இடம்."

வாக்குப் பட்டியலை நெவில் மேசைமேல் வைத்தார்.

"அம்பது வருஷமா முதல் இடம். நீங்க ஏன் இப்படிப் பண்ணினீங்கன்னு நான் கேக்கப் போறதில்ல. முதல் இடம் சுரைக்காய்க்குப் போயிடுச்சு. அந்த நடுவர் அங்க சந்தோஷத்துல அழுதுக்கிட்டிருக்கார்."

எனிட் துணியைக் கீழே வைத்தார். ஒரு கன்னம் ரோஜா நிறம், ஒரு கன்னம் பிணம்.

"பதினொண்ணா?"

"பதினொண்ணு."

"பத்தாவது எது?"

நெவிலுக்குப் புரியவில்லை. "பத்தாவதா... 'பாதிரியார் சைக்கிள்'."

"அந்த சைக்கிள் தானா ஓடுமே, அதுவா? மணி அடிச்சுக்கிட்டு?"

"அதேதான்."

"அதுல ஆளே இல்லையே, நெவில்!" எனிட் எழுந்து நின்றுவிட்டார். முழங்கால் நினைவே இல்லை. "வெறும் சைக்கிள்! அதைவிட நான் மோசமா? சைக்கிளுக்கு ஓட்டுப் போட்டது யாருன்னு கேக்கறேன். நான் உக்காந்தப்போ நீங்க நடுங்கினீங்களா இல்லையா?"

"எனக்குக் குளிரா இருந்தது."

"பொய். பக்கத்துல உக்காந்திருந்தேன். கட்டில் ஆடிச்சு."

நெவில் கிளெனிஸைப் பார்த்தார். கிளெனிஸ் தன் கைப்பையைப் பார்த்தார். நெவில் தன் காலைப் பார்த்தார். அங்கே இன்னும் ஒரு வெள்ளை முடி ஒட்டிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் ஆடிச்சு" என்றார்.

"அப்போ?" என்றார் எனிட். "குரல்தான் சரியா வரல. அது எனக்கே தெரியும். 'யார்' மேல அழுத்திட்டேன், 'சீப்பு' மேல அழுத்தியிருக்கணும். நடையும் சரியில்ல. ஆனா தலை வாரினதுல என்ன குறை? யாராவது சொல்லட்டும். வாங்க, வெளிய போய்க் கேப்போம்."

"பஸ் போயிடும், எனிட்" என்றார் கிளெனிஸ் சோர்வாக.

"அடுத்த பஸ்ல போவோம்."

அவர் பாதி துடைத்த முகத்தோடு மண்டபத்துக்குப் போனார். பின்வரிசையில் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தவர்களிடம் ஒவ்வொருவராகப் போய், சைக்கிளுக்கு ஓட்டுப் போட்டீர்களா என்று விசாரிக்கத் தொடங்கினார்.